மிதிபாகல், கொம்புப் பாகல்: சர்க்கரைக்காரர்களுக்கு எதில் சத்து அதிகம்?

வீட்டில் யாருக்கோ புதிதாகச் சர்க்கரை வந்திருக்கிறது, சரிதானே? இல்லாவிட்டால் பாகற்காயில் எது உசத்தி என்று யார் தேடப்போகிறார்கள்!

நான் டாக்டரும் இல்லை, டயட்டீஷியனும் இல்லை. "உனக்கென்ன தெரியும்" என்று வருகிறவர்கள் இப்போதே வந்துவிடுங்கள். சின்னதாக இருக்கும் மிதிபாகல், நீளமாக இருக்கும் கொம்புப் பாகல், ஆறு வருடம் மொட்டைமாடியில் இரண்டையும் பந்தல் போட்டு வளர்த்தவள், அவ்வளவுதான்.

பொதுக் கணக்கு இது: 100 கிராம் பச்சைக் காயில் 17 கலோரி, வைட்டமின் சி சுமார் 84 மில்லிகிராம், பொட்டாசியம் முந்நூறுக்குப் பக்கம். வகைக்கு வகை மாறும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் பாகலையே மூன்றாகப் பிரித்துத்தான் போட்டிருக்கிறார்கள். கசப்புக்குக் காரணம் காயில் இருக்கிற மொமோர்டிசின், மொமோர்டிகோசைடு வகையறா வேதிப்பொருள்கள். சர்க்கரையைக் குறைக்கும் என்று எல்லோரும் பேசுவது சரன்டின், பாலிபெப்டைடு-பி என்கிற வேறு இரண்டு பொருள்களை. இவை வேறு, அவை வேறு. அதனால் மிதிபாகல் கூடுதலாகக் கசக்கிறது, ஆகவே மருந்தும் கூடுதல் என்று கணக்குப் போடாதீர்கள்.

எங்கப்பா அப்படித்தான் போட்டார். தினமும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் மிதிபாகல் சாறு. கூடவே வழக்கமான மாத்திரை. ஒருநாள் காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்குக் குப்பென்று வியர்த்து, கை நடுங்கியது. சர்க்கரை பார்க்கும் மெஷினில் 54, ரொம்பத் தாழ்வு. சர்க்கரைத் தண்ணீர் கரைத்துப் புகட்டினேன். டாக்டர் திட்டியது என்னை. "மாத்திரை பேரெல்லாம் சொன்னீங்க, ஜூஸைச் சொன்னீங்களாம்மா?" சொந்தக்காரர்களோ, நான் டிபன் தர லேட் பண்ணினதுதான் காரணம் என்று முடித்துவிட்டார்கள். சாறு பிழிந்து கொடுத்த அத்தையை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பாகற்காயே ஆகாது என்று நான் சொல்லவில்லை, கமென்டில் சண்டைக்கு வராதீர்கள். வாரம் இரண்டு நாள் இன்றும் எங்கள் வீட்டில் பாகற்காய்தான். ஆனால் நீரிழிவுக்கு அது உதவும் என்று சொல்லப் போதிய ஆதாரமில்லை என்றுதான் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசுகிற காக்ரேன் அமைப்பின் 2012 ஆய்வுத் தொகுப்பே சொன்னது. மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். மாத்திரையோடு சாறு என்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். இன்னொன்று, உப்புப் போட்டுப் பிசிறி, ஒட்டப் பிழிந்து கொட்டுகிறீர்களே, வைட்டமின் சியில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடேயே போய்விடும். மிதிபாகல் சின்னக் காய். லேசாகக் கீறி, மசாலா அடைத்து முழுசாக வதக்கலாம், பிழிகிற வேலையே இல்லை.

இப்போது நான் வளர்ப்பதில்லை. பந்தலால் எலி வருகிறது என்று அபார்ட்மென்ட் சங்கத்தில் பிரித்துப்போட்டுவிட்டார்கள். இத்தனைக்கும் எலி வருவது செயலாளர் வீட்டுப் பழைய சோபாவிலிருந்து. கடையில் வாங்குவதென்றால் பார்த்து வாங்குங்கள். கொம்புப் பாகல் பிஞ்சையே மிதிபாகல் என்று சொல்லி, கிலோவுக்கு இருபது ரூபாய் கூட வாங்கிவிடுகிறார்கள்.