ரோகிணி எப்பதான் மாட்டுவா?
வாசகர் கேள்வி - பதில்: இந்த வாரம் முழுக்க சீரியல் பஞ்சாயத்து

கேள்வி: சிறகடிக்க ஆசை சீரியலை 2023 ஜனவரியில ஆரம்பிச்சதுல இருந்து விடாம பாத்தேன். ரோகிணிக்கு ஏற்கெனவே கல்யாணமாகி கிரிஷ்னு ஒரு பையன் இருக்கான்ங்கிற விஷயத்தை வருஷக்கணக்கா இழுத்தாங்களே, இது நியாயமா? எங்க வீட்டுக்காரர் அது இழுவை இல்ல, சஸ்பென்ஸ்னு சண்டைக்கு வர்றார்.
- வாசகி, விருதுநகர்

பதில்: உங்க வீட்டுக்காரர் சொல்றது பாதி சரி. ரகசியத்தை மூடி வைக்கிறது தப்பே இல்லீங்க, நமக்குத் தெரிஞ்சது அந்த வீட்டுல மாமியார் விஜயாவுக்குத் தெரியலையேங்கிற தவிப்புலதான் நாம அடுப்பை சிம்ல வச்சுட்டு ஓடி வந்து உக்காருறோம். என் வருத்தம் வேற. கறிக்கடைல வேலை பாக்குற ஒரு ஆளைப் புடிச்சு மலேசியா மாமான்னு கூட்டிட்டு வந்தா பாருங்க ரோகிணி, அது பிரமாதமான எழுத்து, ஏன்னா ஒரு பொய்யக் காப்பாத்த அதைவிடப் பெரிய பொய் சொல்றவளோட பதட்டம் அதுல இருந்துச்சு, அந்தாளும் என்னைக்காவது கடைல கத்தியோட நிக்கும்போது மாட்டுவாருன்னு நமக்கும் வயித்தக் கலக்குச்சு. ஆனா ரோகிணியோட கொழுந்தன் முத்து இருக்கான்ல, அவன் கார் ஓட்டுறவன், நாலு ஊர் ஆளைப் பாத்தவன், யார் என்ன மாதிரின்னு ஒரு பார்வையில எடை போடுறவன்னு காட்டிட்டு, ரோகிணி கண்ணு முன்னாடி முழிக்கும்போது மட்டும் சரியா அந்த நேரம் அவனுக்கு ஒரு போன் வரும், திரும்பிக்குவான். திங்கக்கிழமை புத்திசாலி, செவ்வாக்கிழமை மக்கு. கதை நகராம இருக்கிறதுக்காக ஒரு ஆளோட மூளைய கழட்டி வைக்கிறதைத்தான் நான் இழுவைன்னு சொல்வேன். ரோகிணி தப்பிக்கட்டும், ஆனா அவளோட சாமர்த்தியத்துல தப்பிக்கணும், முத்துவுக்கு வந்த போன்கால்ல இல்ல.

இன்னொன்னும் சொல்லணும். எந்த சீரியலை எவ்வளவு பேர் பாத்தாங்கங்கிற டிஆர்பி கணக்கு வாராவாரம் வியாழக்கிழமை வருது. ஒரு டிராக் ஏறிட்டா அதை முடிக்க எந்த சேனலுக்கு மனசு வரும்? அதனால பழியை மொத்தமா எழுதுறவர் தலையில கட்டாதீங்க.

கேள்வி: எதிர்நீச்சல்ல ஆதி குணசேகரன் பொண்ணுங்கள அடிமை மாதிரி நடத்துன ஆளு, அவரைப் போய் எல்லாரும் கொண்டாடுனது எனக்குப் புரியவே இல்ல. என் தங்கச்சி அவரோட வசனத்தை ரிங்டோனாவே வச்சிருந்தா.
- வாசகர், கும்பகோணம்

பதில்: "இந்தாம்மா ஏய்" தானே? எங்க வீட்டுலயும் குழந்தை வரைக்கும் சொல்லுச்சு. நீங்க கேக்குறது நியாயமான கேள்விதான், ஆனா அந்த வேஷம் போட்ட மாரிமுத்து அவரை வில்லனா நடிக்கல சார், நம்ம சொந்தத்துல பந்தில உக்காந்து எல்லாரையும் அதட்டுற ஒரு பெரியப்பாவா நடிச்சார், அந்த இழுத்த குரலும், தான் பண்றது எல்லாம் குடும்ப நன்மைக்குங்கிற அந்த முழு நம்பிக்கையும் நமக்குத் தெரிஞ்ச ஆளுங்ககிட்ட இருக்கிறதுதான். சிரிச்சது அவரை ஆதரிச்சு இல்ல, அடையாளம் கண்டுபிடிச்சு.

அதே சீரியல்ல என்னைக் கேட்டா உசுரு இருந்தது சமையல்கட்டுலதான். ஹால்ல குணசேகரன் கத்தி முடிச்சுட்டுப் போனதும் அந்த வீட்டு மருமகளுங்க ஈஸ்வரி, ரேணுகா, நந்தினி, ஜனனி நாலு பேரும் உள்ள கூடுவாங்களே, நந்தினி காய் நறுக்கிக்கிட்டே ஒரு நக்கல் விடுவா, ரேணுகா வெடிப்பா, ஈஸ்வரி பேசாம நிப்பா. அந்த மாதிரி பேச்சை டைரக்டர் திருச்செல்வம் நல்லா எழுத வைப்பார், அவரோட கோலங்கள் சீரியல் காலத்துலயே பாத்ததுதான். ஆனா சொத்துல அப்பத்தாவோட 40 சதவீதப் பங்குன்னு ஒண்ணு வந்துச்சு பாருங்க, அங்கேர்ந்து பொம்பளைங்க வாழ்க்கை பின்னாடி போய் பத்திரம் முன்னாடி வந்துருச்சு.

2023 செப்டம்பர் 8 மாரிமுத்து இறந்தாரு, அப்புறம் வேல ராமமூர்த்தி வந்தாரு. அவரு நல்ல நடிகர், நல்ல எழுத்தாளரும் கூட, அவரைக் குறை சொல்றவங்க கூட நான் சேர மாட்டேன். "இவருக்குப் பதில் இவர்"னு ஒரு கார்டைப் போட்டு முகத்தை மாத்தலாம், ஒன்றரை வருஷமா காதுல ஏறுன குரலை மாத்த முடியுமா? 2024 ஜூன்ல முடிச்சாங்க, டிசம்பர்லயே "எதிர்நீச்சல் தொடர்கிறது"ன்னு திரும்ப வந்தாங்க, அப்பவும் குணசேகரன் வீட்டைச் சுத்தியேதான் கதை.

கேள்வி: ராத்திரி தூங்கும்போதும் பட்டுப்புடவை, நெக்லஸ். ஏன்?
- வாசகி, சேலம்

பதில்: டைட்டில் ஓடும்போது புடவைக் கடை பேர், நகைக்கடை பேரு வரும், கவனிங்க. அதுக்கு மேல நான் பேசுனா என் பொழப்பு என்ன ஆகுறது.

கேள்வி: மெட்டி ஒலி மாதிரி இப்ப வர்றதில்லன்னு நான் சொன்னா என் மக சிரிக்கிறா. அதுவும் ஸ்லோதானாம்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மக சொல்றது சரி, ஸ்லோதான். 2002ல இருந்து 2005 வரைக்கும் 811 எபிசோட் ஓடுச்சே, ஓடியா முடிஞ்சிருக்கும்? ஆனா சரோவோட மாமியார் ராஜம் ஞாபகம் இருக்கா, அந்தம்மா கொடுமை பண்ணுச்சு, ஆனா தன் மகன் மாணிக்கம் கைய விட்டுப் போயிருவானோங்கிற பயம் கண்ணுலயே தெரியும். மாணிக்கம் அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல வாயத் திறக்காம நிப்பான், நமக்கு ஆத்திரமா வரும், ஆனா ஏன் நிக்கிறான்னு தெரியும். முத்துவுக்கு வர்ற போன் மாதிரி இல்ல. 2020 லாக்டவுன்ல மறுபடி போட்டப்போ எங்க அம்மா பூண்டு உரிச்சுக்கிட்டே பாத்தாங்க. ராஜம் ஒரு வார்த்தை சொன்னதும் கைல இருந்த பூண்டைக் கீழ வச்சுட்டு டிவியப் பாத்து, "உங்க மாமியாரு உன்னைப் படுத்துனது மறந்துருச்சாடி?"ன்னாங்க. உங்க மகளை ஒரு பத்து எபிசோட் கூட உக்கார வச்சுப் பாருங்க, அதுக்கப்புறமும் சிரிச்சா எனக்கு எழுதுங்க.