கிபிர் பறந்த வானத்தில் ஒரு செஸ்னா

அன்புள்ள அண்ணா,

உங்கள் தளத்தைச் சில வருடங்களாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

எனக்கு 42 வயது. வன்னியில், விசுவமடுவில் வாட்டர் பம்பும் மோட்டார் சைக்கிளும் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சின்ன வயதில் விமானி ஆக வேண்டும் என்று ஒரே ஆசை. உயர்தரத்தில் கணிதம் படித்ததும் அதற்காகத்தான். 2002இல் சண்டை நின்று ஏ9 பாதை திறந்த பிறகு ஒருமுறை கொழும்புக்குப் போனபோது, ரத்மலானையில் ஒரு பறப்புப் பள்ளியில் விசாரித்தேன். அவர்கள் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, “சரி, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்” என்று வந்துவிட்டேன். வீட்டில் கேட்கவே இல்லை. 2006இல் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டியது. மிச்சம் உங்களுக்குத் தெரியும். போர் முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து கடை போட்டேன். பிறகு கலியாணம், பிள்ளை.

ரொறன்ரோவிலிருந்து வந்த மச்சான் தன்னுடைய பழைய கேமிங் கொம்பியூட்டரையும் ஒரு ஜொய்ஸ்ரிக்கையும் எனக்கு விட்டுவிட்டுப் போனான். இப்போது இரவு டேற்றா தொடங்கியதும் மைக்ரோசொப்ட் பிளைற் சிமுலேற்றரில், அதுதான் கொம்பியூட்டரில் விமானம் ஓட்டுகிற கேமில், உட்காருகிறேன். மனைவி, “கேம் விளையாடினது காணும், படுங்கோ” என்பாள். 14 வயது மகள் விடுமுறை நாட்களில் பக்கத்தில் இருந்து, தரையிறங்கும்போது இறக்கையின் பின்பக்கத் தகடான பிளாப்பை இறக்கித் தருவாள். அவளுக்கும் இந்த ஆசை தொற்றுகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். திரைக்கு முன்னால் இருந்துகொண்டு பறக்கிறேன் என்று நினைப்பது என்னை நானே ஏமாற்றுவதா? அடுத்தது, ஹெலி ஒன்று தாழப் போனாலே இன்றும் எனக்குக் கை நடுங்கும். எங்களை அப்படி விரட்டிய ஒன்றின் மேல் எப்படி எனக்கு ஆசை வந்தது? சின்னப் பிள்ளையாகப் பங்கர் (பதுங்குகுழி) வாசலில் இருந்து மேலே பார்த்தபோது, அதை ஓட்டுகிறவனின் கண்ணுக்கு எங்கள் ஊர் எப்படித் தெரியும் என்று யோசித்தது ஞாபகம் இருக்கிறது. அதை வெளியே சொல்லியிருந்தால் அம்மா அடித்திருப்பா.

க.,
விசுவமடு

அன்புள்ள தம்பி,

உங்கள் இரண்டாவது கேள்வியை முதலில் எடுக்கிறேன். மற்றதற்கான பதிலும் அதற்குள்தான் கிடக்கிறது.

நான் மல்லாவிப் பக்கம் வளர்ந்தவன். எங்கள் பிள்ளைகள் எழுத்துக் கூட்டி வாசிக்க முன்பே விமானங்களைச் சத்தத்தால் பிரித்தறியப் பழகியிருந்தார்கள். ஹெலி தூரத்திலேயே தெரியும், ஓட நேரம் கிடைக்கும். சியாமாசெட்டி என்ற சின்னக் குண்டுவீச்சு விமானம் வட்டமடித்துக்கொண்டு நிற்கும். வண்டு என்று நாங்கள் சொன்ன ஆளில்லா வேவு விமானம் மணிக்கணக்காகத் தலைக்கு மேல் இரைந்துகொண்டிருக்கும், அது போன பிறகு என்ன வரும் என்பதுதான் பயம். 1996இல் கிபிர் என்ற அதிவேகப் போர் ஜெற் வந்ததோடு இந்தக் கணக்கெல்லாம் குழம்பிப்போனது. சத்தத்தைக் கேட்டுவிட்டு ஓடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போயிற்று. அப்படியிருந்தும் ஒவ்வொரு பங்கரிலும் ஒரு பொடியன் வாசலில் கழுத்தை நீட்டி மேலே பார்த்தான், பெரியவர்கள் காற்சட்டையைப் பிடித்து அவனை உள்ளே இழுத்தார்கள். எங்கள் பங்கரிலும் ஒருவன் இருந்தான். அவன் கண்ணில் பயம் இருந்தது. கூடவே, இவ்வளவு பெரிய இரும்பு எப்படி விழாமல் நிற்கிறது என்ற வியப்பும் இருந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அதில் என்ன குற்றம்? குண்டைப் போடச் சொன்னவர்களும் போட்டவர்களும் செய்த வேலைக்கு, இறக்கையின் மேல் காற்று ஓடுவது எப்படிப் பொறுப்பாகும்? அந்த வியப்பையும் அவர்களுக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் எடுத்தது ஏற்கெனவே போதும்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்ப வாசித்த வரி, ஓட்டுகிறவனின் கண்ணுக்கு எங்கள் ஊர் எப்படித் தெரியும் என்ற அந்த வரிதான். யோசித்துப் பாருங்கள். வன்னியை மேலிருந்து பார்த்த கண்கள் எவை? வேவு பார்த்த கண்கள், குண்டு போட்ட கண்கள். விசுவமடுவில் மிளகாய் நட்டவரோ, முள்ளியவளையில் படிப்பித்த ரீச்சரோ, மாங்குளத்தில் மாடு வளர்த்தவரோ தன் ஊரை அப்படிக் கண்டதே இல்லை. எங்கள் நிலத்தின் மேற்பார்வைப் படம் முழுக்க மற்றவர்களிடம் இருந்தது. அவர்களுக்கு அது குறி வைக்கிற படம்.

இப்போது அதே உயரத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். சிமுலேற்றரின் 2020 பதிப்பு, பிங் வரைபடத்தின் செய்மதிப் படங்களை இணையம் வழியாக இழுத்து நிலத்தின் மேல் விரிக்கிறது. (உங்கள் இரவு டேற்றா முழுவதையும் குடிப்பது இதுதான்.) வீடுகளும் மரங்களும் பெரும்பாலும் கணினி ஊகித்து வைத்தவை. உங்கள் கடைக் கூரை அங்கே வேறு நிறத்தில் இருக்கலாம், இல்லாமலே போயிருக்கலாம். ஆனால் குளமும் வயலும் தெருவும் உண்மையான படத்திலிருந்து வருபவை. கனகராயன் ஆறு தெற்கிலிருந்து வந்து இரணைமடுவில் தேங்குவதையும், அணைக்கட்டுக்குக் கீழே வயல்கள் பச்சையாக விரிந்து போவதையும், ஆறு பிறகு சுண்டிக்குளம் கடல்நீரேரியை நோக்கிப் போவதையும் ஒரே பார்வையில் காணலாம். வன்னியில் இத்தனை ஊர்ப் பெயர்கள் ஏன் குளத்தில் முடிகின்றன என்று நிலத்தில் நிற்கும்போது நாம் யோசிப்பதில்லை. மூவாயிரம் அடியில் அது கேட்காமலே விளங்குகிறது. பங்கர் வாசலில் வந்த கேள்விக்கு நீங்களே இருந்து பதில் பார்த்திருக்கிறீர்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்புறம், அந்தக் ‘கேம்’ விஷயம்.

சிமுலேற்றரின் கதையே உங்களைப் போன்ற ஒருவரிடமிருந்துதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் பிங்கம்ரன் நகரில் எட்வின் லிங்க் என்றொருவர் இருந்தார். தகப்பனுக்குப் பியானோவும் ஓர்கனும் செய்யும் தொழிற்சாலை. மகனுக்குப் பறக்க ஆசை, ஆனால் பயிற்சிக்கு ஆகும் காசு மிக அதிகம். நிலத்தில் இருந்தே பழக ஒரு வழி வேண்டும் என்று, ஓர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையும் பம்புகளையும் எடுத்து, சாய்ந்து திரும்பும் ஒரு சின்ன விமானப் பெட்டியைச் செய்தார். 1929இல் அது உருவானது. பறப்புப் பள்ளிகள் அதைப் பெரிதாக மதிக்கவில்லை, களியாட்டப் பூங்காக்கள்தான் வாங்கின. அதாவது அதையும் கேம் என்றுதான் பார்த்தார்கள். 1934இல் அமெரிக்க இராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலை ஒப்படைக்கப்பட்டது. மேகத்துக்குள்ளும் இருட்டிலும் கருவிகளைப் பார்த்து மட்டும் ஓட்டப் பழகாததால் பலர் விழுந்து இறந்தார்கள். அதன் பிறகுதான் இராணுவம் லிங்கின் பெட்டிகளை வாங்கியது. இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கானோர் அதில் பழகினார்கள். பம்ப் திருத்துகிற உங்களுக்கு இந்தக் கதை என்னைவிட நன்றாக விளங்கும் என்று நினைக்கிறேன்.

இன்றைக்கு ஒரு பயணிகள் விமானத்தின் விமானி புதிய ரகத்துக்கு மாறும்போது இயந்திரம் நிற்பதையும் தீப்பிடிப்பதையும் எங்கே பழகுகிறார்? பெரிய சிமுலேற்றருக்குள்தான். உங்கள் மேசையில் இருப்பது அதன் ஏழைத் தம்பி. அதில் ஓட்டிய ஒரு மணித்தியாலம்கூட அனுமதிப்பத்திரக் கணக்கில் சேராது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இருக்கையின் அழுத்தம், வயிற்றில் வரும் அந்த வெறுமை, காற்று தூக்கிப் போடும்போது வரும் பயம், இவை எதுவும் அங்கே கிடையாது. ஆனால் கருவிகளை வாசிப்பது, ட்ரிம் பிடிப்பது (கையால் இழுத்துப் பிடிக்காமலே விமானம் மட்டமாகப் போகச் சரிசெய்வது), காற்றுக்கு எதிராக மூக்கைத் திருப்பி நேர்கோட்டில் போவது, செஸ்னா 172 என்ற சின்னப் பயிற்சி விமானத்தை 65 நொட் (மணிக்கு 120 கிலோமீற்றர் அளவு) வேகத்தில் ஓடுபாதைக்குக் கொண்டுவருவது, இதெல்லாம் மூளையும் கையும் சேர்ந்து பழகுகிற வேலை. அது பொய்யாக இருக்க வழியில்லை.

கனவு நிறைவேறாமல் போன கதையை எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு விஷயம் எனக்கு முக்கியம். நீங்கள் முயன்று தோற்கவில்லை, தோற்பதற்குக்கூட உங்களுக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. பாதை நான்கு வருடம் திறந்திருந்தது. அந்த நான்கு வருடத்தில் வன்னி விவசாயி ஒருவரின் மகனுக்குப் பறப்புப் பள்ளிக் கட்டணம் எங்கிருந்து வரும்? ‘முயன்றால் முடியும்’ என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. மண்ணெண்ணெயும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட ஊரில், ஜாம் போத்தல் விளக்கில் படித்த பிள்ளையைப் பார்த்து, நீ போதுமான அளவு முயலவில்லை என்று சொல்கிற பேச்சு அது. நீங்கள் வீட்டில் கேட்காமல் விட்டது கோழைத்தனம் இல்லை, தகப்பனைச் சங்கடப்படுத்தாத மகனின் செயல். அந்த இழப்பு இழப்புத்தான். அதற்காக வருத்தப்படுங்கள், வருத்தப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. சிமுலேற்றர் வந்து அதை ஈடுசெய்துவிட்டது என்று உங்களையே நம்பவைக்கத் தேவையில்லை. அது தரும் சந்தோசமும் உண்மை, இந்த வருத்தமும் உண்மை. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கட்டும்.

ஒன்று செய்து பாருங்கள். வீட்டுச் சிமுலேற்றரில் பழகி வருகிறவர்கள் கருவிகளையே வெறித்துப் பார்ப்பார்கள், வெளியே பார்க்க மாட்டார்கள் என்பது பயிற்றுநர்களின் பொதுவான முறைப்பாடு. ஆகவே ஜிபிஎஸ்ஸை நிறுத்திவிட்டு, வவுனியாவிலிருந்து பலாலிக்குக் கண்ணால் மட்டும் வழி பார்த்துப் போங்கள். நேர்கோட்டில் 125 கிலோமீற்றர் அளவு, செஸ்னாவில் முக்கால் மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். ஏ9 வீதியையும் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டு ஓமந்தை, புளியங்குளம். மாங்குளம் கிட்டும்போது இடப்பக்கம் தூரத்தில் வவுனிக்குளம் தெரியும். அதைத் தாண்ட, வலப்பக்கம் இரணைமடு, தவறவிடவே முடியாத அளவுக்குப் பெரிது. கிளிநொச்சி, பரந்தன். பரந்தனில் வலப்பக்கம் பிரிந்து போகிற முல்லைத்தீவு வீதிதான் உங்கள் வீட்டுக்குப் போகிற வீதி. ஆனையிறவில் நிலம் ஒடுங்கி இரண்டு பக்கமும் தண்ணீர் வரும். அதன் பிறகு கடல்நீரேரிக் கரையைப் பிடித்து வடமேற்காகத் திரும்பினால் பலாலி. அந்தத் தெருவில் நடந்தும் ட்ரக்டரிலும் எத்தனை முறை இடம்பெயர்ந்திருப்பீர்கள். மேலிருந்து பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுதுங்கள், தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் இன்னொன்றும் இருக்கிறது. பறப்புப் பள்ளிகளில் பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, ஒரு தடவை மேலே போய்க் கட்டுப்பாட்டைக் கையில் பிடித்துப் பார்க்கும் வழி உண்டு. முழுப் பயிற்சியின் செலவோடு பார்த்தால் அது சிறிய தொகை. 42 வயது அதற்குத் தடை இல்லை. கை நடுங்கலாம். நடுங்கினால் பயிற்றுநரிடம் காரணத்தைச் சொல்லுங்கள்.

இனி மகள். உங்களுக்குக் கிடைக்காத ஒன்றில் அவளுக்கு ஆசை வந்துவிடுமோ என்ற பயம் விளங்குகிறது. ஆனால் அவளுடைய வானம் வேறு. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானது. இன்று சென்னையிலிருந்து பயணிகள் விமானம் அங்கே வந்து இறங்குகிறது. அவளுக்கு விமானம் என்றால் மாமா வந்து இறங்குகிற சாமான். அவளிடம் ஆசையை மறைக்காதீர்கள், விலையையும் மறைக்காதீர்கள். சர்வதேச விதிகளின்படி தனியார் விமானி அனுமதிக்கு 17 வயது, 40 மணித்தியாலப் பறப்பு. தொழில்முறை அனுமதிக்கு 18 வயது, பொதுவாக 200 மணித்தியாலம். காசு கரைவது அந்த மணித்தியாலங்களில்தான். ஆங்கிலத்தில் வானொலியில் தடுமாறாமல் பேச வேண்டும், அதற்கென்று தனிப் பரீட்சை உண்டு. அதை இன்றிலிருந்தே இலவசமாகப் பழகலாம். கணிதமும் பௌதிகமும் நன்றாக வந்தால் விமானப் பராமரிப்பும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இருக்கின்றன. அவையும் இதே உலகத்து வேலைகள்தான், விமானியை விடச் சின்ன வேலைகள் என்று யாரும் அவளுக்குச் சொல்லிவிடக் கூடாது.

எதற்கும் காசு கட்ட முன்பு கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போட்டிருப்பது தடை இல்லை, கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். நிறங்களைப் பிரித்தறிவதில் குறை இருந்தால்தான் சிக்கல். ஓடுபாதைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு, வெள்ளை விளக்குகளைப் பார்த்துத்தானே உயரம் சரியா என்று அறிகிறோம். கண் கிளினிக்கில் புள்ளிகளுக்குள் இலக்கம் தேடுகிற அந்தப் புத்தகத்தைக் காட்டுவார்கள், சில நிமிட வேலைதான். அடுத்த விடுமுறையில் அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.