மாணவர் ஒழுங்குக் குழுப் பொறுப்புக்கு எப்படித் தேறுவது?

பாலக்காடு மாவட்டக் கல்லூரி ஒன்றில் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் போட்டுவிட்டார்கள், பயிற்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவில் இது தனித் தொழில்; அதற்கென்றே சங்கமும் பயிற்சி முகாமும் உண்டு. நம் பக்கம் நேற்றுவரை வேதியியல் நடத்தியவர் இன்று காலை நீதிபதி.

முதலில் யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழுவின்) 2009 ராகிங் தடுப்பு விதிமுறைகளையும் 2023 குறைதீர்ப்பு விதிமுறைகளையும் வரிவரியாகப் படியுங்கள். கூடவே கேரளத்தின் 1998 ராகிங் தடைச் சட்டம்: புகார் வந்த ஏழு நாள்களுக்குள் நிறுவனத் தலைவர் விசாரிக்க வேண்டும், முகாந்திரம் இருந்தால் மாணவரை இடைநீக்கம் செய்து, புகாரைக் காவல் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். மாநில எல்லையான வாளையாறு தாண்டினால் தமிழ்நாட்டின் 1997 சட்டம். பையன் கோவைக்காரன் என்பதால் சட்டம் மாறாது. சம்பவம் நடந்த இடம்தான் கணக்கு.

எந்த வகுப்பிலும் சொல்லித்தராத ஒன்று மொழி. பாலக்காட்டிலேயே தமிழ் பேசும் பகுதியான கொழிஞ்சாம்பாறைப் பையன் தமிழில் சொல்வான். எழுத்தர் மலையாளத்தில் எழுதுவார். அவன் வாசிக்காமலே கையெழுத்திடுவான். இப்படி ஒரு வாக்குமூலத்தில் ‘தள்ளினேன்’ என்பது ‘அடித்தேன்’ ஆகிப்போனதை நானே பார்த்திருக்கிறேன். அவன் மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டிய பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

சட்டத் துறை ஆசிரியர் ஒருவரையும் உளவியல் ஆலோசகர் ஒருவரையும் அழைத்து, பெயர் மறைத்த பழைய கோப்பொன்றை வைத்து மாதிரி விசாரணை நடத்திப் பாருங்கள். சான்றிதழ் கிடைக்காது, ஆனால் கேள்வி கேட்கப் பழகிவிடுவீர்கள்.