இருட்டுக்கும் பட்ஜெட் போடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கேலரியில் வீடியோ கலை

வீடியோ கலைப் படைப்புகளைக் காட்சிக்கு வைப்பது பற்றி வந்த கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடிய சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். எந்த புரொஜெக்டர் வாங்கலாம் என்று மட்டும் கேட்டு எழுதியவர்கள் முதல் பதிலைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகவும்.

கல்லூரி ஆண்டுக் கண்காட்சியில், 20-க்கு 15 அடி வகுப்பறைச் சுவரில் ஒரு வீடியோ படைப்பை 10 அடி அகலத்தில் காட்டினோம். 3,200 லூமென் புரொஜெக்டர். படம் வெளிறிப்போய், கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. 5,000 லூமென் வாங்கினால் சரியாகுமா?
– ஓவியக் கல்லூரி மாணவர், கும்பகோணம்

ஆகாது. புரொஜெக்டரால் வெளிச்சத்தைத்தான் எறிய முடியும், கறுப்பை எறிய முடியாது. படத்தில் கறுப்பு என்று நாம் பார்ப்பது வெளிச்சம் விழாமல் விட்ட சுவரைத்தான். அந்தச் சுவரில் ஜன்னல் வெளிச்சம் ஏற்கெனவே விழுந்துகொண்டிருந்தால், கறுப்பு அதைவிட இருட்டாக இருக்க வழியே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். லூமென் என்பது புரொஜெக்டர் எறியும் மொத்த வெளிச்சம்; லக்ஸ் என்பது ஒரு சதுர மீட்டரில் விழும் வெளிச்சம். 10 அடி அகலத்துக்கு 16:9 படத்தின் பரப்பு சுமார் 5.2 சதுர மீட்டர். பெட்டியில் 3,200 லூமென் என்று போட்டிருந்தாலும், நிறம் சரியாக வரும் மோடில், கொஞ்சம் ஓடித் தேய்ந்த விளக்கில் பாதிதான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,600-ஐ 5.2-ஆல் வகுத்தால் சுவரில் சுமார் 300 லக்ஸ். திரையரங்கத் தரத்துக்கு வெள்ளைத் திரையில் 150 லக்ஸ் விழுந்தாலே போதும். ஆக, வெளிச்சம் உங்களிடம் இரண்டு மடங்கு இருக்கிறது.

சுவரில் வெளியிலிருந்து கசியும் வெளிச்சம் 60 லக்ஸ் என்றால், வெள்ளை 360, கறுப்பு 60. வித்தியாசம் 6 மடங்குதான். 5,000 லூமென் வாங்கினால் இதே கணக்கில் 9 மடங்கு ஆகும். பழைய புரொஜெக்டரையே வைத்துக்கொண்டு கசிவை 3 லக்ஸுக்குக் குறைத்தால் 100 மடங்கு. பணத்தை எதில் போடுவது என்பது இங்கேயே முடிந்துவிடுகிறது.

அளப்பதற்கு ஃபோனில் லக்ஸ் மீட்டர் ஆப் போதும். ஒளி உணரும் சென்சார் பெரும்பாலும் முன்பக்கக் கேமரா அருகில் இருப்பதால், ஃபோனின் முதுகைச் சுவரோடு ஒட்டி, திரை அறையைப் பார்க்கும்படி பிடியுங்கள். நண்பகலில், புரொஜெக்டரை அணைத்துவிட்டு அளக்கவும். மாலையில் அளந்து ஏமாறுபவர்கள் அதிகம்.

ஜன்னலுக்குக் கறுப்புக் காடாத் துணி ஒரு மடிப்பு போதாது. துணிக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாகத் தெரியும். பிளைவுட்டோ கெட்டி அட்டையோ அடைத்து, அதன் மேல் துணி போடவேண்டும். மறந்துபோகும் இடங்கள் மூன்று: மேலே இருக்கும் வென்டிலேட்டர், கதவின் அடி இடைவெளி, எக்ஸாஸ்ட் ஃபேன் துவாரம். துவாரத்தை மூடிவிடக் கூடாது. காற்று வளைந்து வெளியேறும்படி உள்ளே கறுப்படித்த ஒரு பெட்டி கட்டிவிடுங்கள்.

அடுத்தது, படமே அறையைச் சுற்றி வந்து தன்னையே கெடுப்பது. படம் விழும் சுவர் மட்டும் பளபளப்பில்லாத வெள்ளை. எதிர்ச்சுவர், பக்கச் சுவர்கள், திரைக்கு அருகே 6 அடி வரை கூரை ஆகியவை பளபளப்பில்லாத கரும்சாம்பல். சுண்ணாம்பு வெள்ளை அறையில் பகல் காட்சி ஒன்று ஓடினாலே அறை முழுக்க விளக்கு போட்டதுபோல் ஆகிவிடும்.

வாசலில் திரைச்சீலை தொங்கவிடுவதுதான் வழக்கம். ஆனால் மூடிய திரையைக் கண்டால் நம்மவர்கள் ‘உள்ளே போகலாமா’ என்று தயங்கி நகர்ந்துவிடுவார்கள்; துணிந்து விலக்குபவர் ஒவ்வொருவரும் ஒரு கூடை வெளிச்சத்தைக் கொண்டுவருவார். இடம் இருந்தால் இரண்டு திருப்பம் கொண்ட, கதவில்லாத நடைவழி கட்டுங்கள். அகலம் 4 அடி, சக்கர நாற்காலி திரும்பும் மூலைகளில் 5 அடி, உள்பக்கம் முழுக்கக் கறுப்பு. வெளியேறும் வழியைக் காட்டும் விளக்கை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மறைக்கக் கூடாது.

அறையை இப்படி அடைத்தபின் சூடு ஏறும். பெரும்பாலான புரொஜெக்டர்கள் 35 அல்லது 40 டிகிரி வரைதான் தாங்கும். கூரையடியில்தான் சூடான காற்று தேங்கும், புரொஜெக்டரும் அங்கேதான் தொங்கும். மே மாதத்தில் நடுப்பகலில் தானாக அணைந்துபோனால் மெஷினைக் குறை சொல்லாமல் முதலில் ஃபில்டரைத் தட்டுங்கள். கண்காட்சி நாட்களில் வாரம் ஒருமுறை தூசி எடுப்பது நல்லது.

படம் கோணலாக விழுந்தால் ரிமோட்டில் ‘கீஸ்டோன்’ போட்டுச் சரிசெய்கிறோம். அதில் தவறு உண்டா?
– கண்காட்சி உதவியாளர், மதுரை

உண்டு. கீஸ்டோன் போட்டால் மெஷின் படத்தைச் சுருக்கி வளைத்து வரையும். பிக்சல்கள் வீணாகும், மெல்லிய கோடுகள் பல்லிளிக்கும், படத்தைச் சுற்றி மங்கிய சாம்பல் சரிவகம் ஒன்று இருட்டில் தெரியும். சுவருக்கு நேர் செங்குத்தாக வைத்து, லென்ஸ் ஷிஃப்ட் உள்ள மாடலில் படத்தை மேலே கீழே நகர்த்துவதே முறை. ஷிஃப்ட் இல்லையென்றால் தொங்கும் உயரத்தை மாற்றுங்கள். தூரத்துக்கு த்ரோ ரேஷியோ (தூரத்தைப் பட அகலத்தால் வகுத்த எண்) பாருங்கள்: 1.5 என்றால் 3 மீட்டர் அகலப் படத்துக்கு 4.5 மீட்டர் தள்ளி. பார்வையாளர் நிழல் விழாமலிருக்கச் சுவரை ஒட்டி வைக்கும் அல்ட்ரா ஷார்ட் த்ரோ வாங்குபவர்கள், சுவரின் ஒவ்வொரு மேடுபள்ளமும் அலையாகத் தெரியும் என்பதையும் சேர்த்து வாங்குகிறார்கள்.

லேப்டாப்பில் ஓட்டினால் அப்டேட் செய்தி வந்து நிற்கிறது. டிவியில் பென்டிரைவ் செருகினால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் கோப்பின் பெயர் வருகிறது, மதியத்துக்கு மேல் டிவியே அணைந்துவிடுகிறது. என்னதான் செய்வது?
– கேலரி பொறுப்பாளர், புதுச்சேரி

இரண்டையும் விட்டுவிடுங்கள். இந்த வேலைக்கென்றே பிரைட்சைன் போன்ற சிறு மீடியா பிளேயர்கள் உள்ளன. மின்சாரம் வந்ததும் தானே ஆரம்பித்து, இடைவெளி தெரியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்த செலவில் முடிக்க ராஸ்ப்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியும் உதவும். அமைத்துத் தர ஒருவர் வேண்டும்.

கோப்பு எம்பி4, எச்.264, 1920-க்கு 1080, நொடிக்கு 20 முதல் 30 மெகாபிட். ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதை, கலைஞர் தந்தபடியே வையுங்கள். 25 ஃபிரேமில் எடுத்ததை 60 ஹெர்ட்ஸில் வெளியிட்டால், 60-ஐ 25 சரியாக வகுக்காததால், கேமரா பக்கவாட்டில் நகரும் இடமெல்லாம் விக்கும். பிளேயரின் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் போய்விடும். லூப் (திரும்பத் திரும்ப ஓடும் சுற்று) முடிவில் சில நொடி கறுப்பு விடலாமா என்பது கலைஞரின் முடிவு, நீங்களாகச் சேர்க்காதீர்கள்.

டிவியில்தான் காட்டவேண்டும் என்றால் மெனுவில் அரை மணி நேரம் செலவிடுங்கள். பல டிவிகள் நான்கு மணி நேரம் ரிமோட் சிக்னல் வராவிட்டால் தானாக அணையும். மதிய மர்மம் அதுதான். ஓவர்ஸ்கேன் படத்தின் ஓரங்களை வெட்டும். மோஷன் ஸ்மூத்திங் இல்லாத ஃபிரேம்களை இட்டுக்கட்டி எல்லாவற்றையும் சீரியல்போல் ஆக்கிவிடும். எக்கோ மோட் இருட்டறையில் படத்தை மங்கடிக்கும். நான்கையும் அணையுங்கள்.

காலையில் முதலில் திரை, பிறகு பிளேயர். பிளேயர் கண்விழிக்கும்போது எதிரே திரை இல்லையென்றால் தவறான அளவில் அனுப்பும், அல்லது எதையும் அனுப்பாது. எச்டிஎம்ஐ கேபிள் 10 மீட்டருக்கு மேல் போனால் நம்ப முடியாது. கேட்6 கேபிளில் எச்டிபேஸ்டி கருவி போட்டால் 100 மீட்டர் வரை போகலாம். விளக்கு வகை புரொஜெக்டரை மெயினில் பட்டென்று அணைக்கக் கூடாது, விசிறி நின்றபிறகே அணைக்கவேண்டும். மின்வெட்டுக்காக ஒரு யுபிஎஸ் வையுங்கள். இந்த வரிசையை ஒரே பக்கத்தில் எழுதி, லேமினேட் செய்து, தினமும் திறந்து மூடும் காவலாளியிடம் கொடுங்கள். கண்காட்சியை வடிவமைத்த கியூரேட்டர் திறப்பு விழா அன்று மட்டும்தான் அங்கே இருப்பார்.

ஒரே ஹாலில் நான்கு படைப்புகள். நான்கின் ஒலியும் கலந்து சந்தைக்கடை ஆகிவிடுகிறது. கனமான திரைச்சீலை போட்டும் பயனில்லை.
– கலை அமைப்பு ஒன்றின் ஒருங்கிணைப்பாளர், கோவை

திரைச்சீலையும் கார்ப்பெட்டும் அறைக்குள் எதிரொலியைக் குறைக்கும், அடுத்த அறைக்குப் போகும் ஒலியைத் தடுக்காது. தடுக்க எடை வேண்டும்: இருபக்கமும் இரண்டிரண்டு 12.5 மி.மீ. ஜிப்சம் பலகை, நடுவே 50 மி.மீ. ராக்வூல் (கல்நார்ப் பஞ்சு அல்ல, பாறையை உருக்கிச் செய்த பஞ்சு), கூரை வரை இடைவெளியில்லாமல். அப்படிக் கட்டினாலும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான உறுமல் ஓரளவு போய்ச்சேரும்.

எனவே ஒலிப் பிரச்சினையைத் தச்சரிடம் கொடுப்பதற்கு முன் தரைப்படத்தில் தீர்க்கப் பாருங்கள். நான்கில் ஒலியில்லாத படைப்பு எது? அதை நடுவில் வையுங்கள். பேச்சை நம்பியிருக்கும் படைப்புக்கு ஹெட்ஃபோன். இரண்டு இருக்கைக்கு இரண்டு, கூடவே இரண்டு உபரி, ஏனென்றால் ஒயர் முதலில் அறுந்துபோகும் இடம் அதுதான். சுற்றுச்சூழல் ஒலி கொண்ட படைப்பை ஹெட்ஃபோனுக்குள் அடைத்தால் பாதி செத்துவிடும், அதற்குத்தான் அறை தரவேண்டும். தலைக்கு மேல் தொங்கும் குவி ஸ்பீக்கர்கள் குரலை ஓரளவு குவிக்கும். தாழ்ந்த ஒலியைக் குவிக்காது.

‘ஙொய்’ என்று ஓர் இரைச்சல் இடைவிடாமல் வந்தால், பிளேயரும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு பிளக் பாயின்டில் எர்த் ஆகியிருக்கும். ஒரே பாயின்டுக்குக் கொண்டுவாருங்கள். போகாவிட்டால் ஆடியோ வழியில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள். எர்த் கம்பியை வெட்டிவிடும் வைத்தியம் உயிருக்கே ஆபத்து.

மூன்று திரைப் படைப்பு. மூன்று பிளேயரையும் ஒரே நேரத்தில் அழுத்தி ஆரம்பித்தாலும் மாலைக்குள் ஒன்றுக்கொன்று விலகிவிடுகிறது.
– வீடியோ கலைஞர், சென்னை

விலகத்தான் செய்யும். ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் லட்சத்தில் ஐந்து பங்கு வேறுபட்டாலே ஒரு மணி நேரத்துக்கு 0.18 நொடி, அதாவது நாலரை ஃபிரேம். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒன்றரை நொடி. நெட்வொர்க் வழியே ஒன்று தலைமை தாங்கி மற்றவை பின்தொடரும் பிளேயர்கள் வாங்குங்கள். மூன்றும் ஒரே மாடல், ஒரே ஃபர்ம்வேர் (கருவிக்குள் இருக்கும் இயக்க மென்பொருள்), நொடி பிசகாத ஒரே நீளக் கோப்பு. சிக்கனமான மாற்று வழியும் உண்டு: மூன்று படங்களையும் ஒரே 3840-க்கு 2160 கோப்பில் மூலைக்கொன்றாக அடுக்கி, வீடியோ வால் கன்ட்ரோலரால் பிரித்து அனுப்புங்கள். ஒரே கோப்பு என்பதால் விலக வழியில்லை. நான்காவது மூலை கறுப்பாகக் கிடக்கட்டும்.

47 நிமிடப் படைப்பை யார் நின்று பார்ப்பார்கள்?
– வாசகி, யாழ்ப்பாணம்

நிற்கச் சொன்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். கலைஞர் கிறிஸ்டியன் மார்க்லேயின் ‘தி கிளாக்’ (2010) என்ற வீடியோ படைப்பு 24 மணி நேரம் ஓடுவது. திரையில் தெரியும் கடிகாரம் உள்ளூர் நேரத்தோடு ஒத்துப்போகும்படி ஓட்டவேண்டும். அதற்குப் போடப்படுவது சோபாக்கள். எந்த நேரத்தில் நுழைந்தாலும் சரியான நேரம்தான் என்பதால் அங்கே தாமதம் என்ற கவலையும் இல்லை.

உங்களுடையது தொடக்கமும் முடிவும் உள்ள 47 நிமிடம் என்றால் லூப்பில் போடாதீர்கள். 10, 11, 12 என்று மணிக்கு ஒன்றாகக் காட்சி நேரத்தை வாசலில் எழுதுங்கள். எங்கிருந்தும் நுழையலாம் என்ற வகைப் படைப்பானால் லூப் சரி. கால அளவை மட்டும் பெயர்ப்பலகையில் போடவும். சாய்மானம் இல்லாத பெஞ்சு நிமிடக் கணக்குக்கு, சாய்மானம் உள்ளது மணிக் கணக்குக்கு.

கண்காட்சியில் உள்ள எல்லா வீடியோக்களின் நீளத்தையும் கூட்டிப் பாருங்கள். ஒருவர் செலவிடக்கூடிய இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு மணி நேரப் படம் இருந்தால், அங்கே தேர்வு என்ற வேலையே நடக்கவில்லை என்றுதான் பொருள்.

தமிழ் சப்டைட்டிலில் ஒற்றைக்கொம்பு எழுத்துக்கு வலப்பக்கம் போய்விடுகிறது. கலைஞர் திட்டுகிறார்.
– மொழிபெயர்ப்பாளர், திருச்சி

யூனிகோடில் ‘கெ’ என்பது முதலில் க, பிறகு கொம்பு என்றுதான் சேமிக்கப்படுகிறது. இடம் மாற்றிக் காட்டுவது மென்பொருளின் வேலை. பல மீடியா பிளேயர்களுக்கு அது தெரியாது. தனி சப்டைட்டில் கோப்பாகக் கொடுக்காமல் எடிட்டிங்கிலேயே படத்தோடு பதித்துவிடுங்கள். பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் டெக்ஸ்ட் எஞ்சினைத் தெற்காசிய மொழிகளுக்கானதாக மாற்றாவிட்டால் அங்கேயும் இதே கூத்துதான். தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால், இரண்டு வரிக்குள் அடங்காததைச் சுருக்குங்கள்; எழுத்தைச் சிறிதாக்காதீர்கள். படத்தின் அடிவிளிம்பு தரையிலிருந்து 4 அடியாவது மேலே இருந்தால்தான் முன்பெஞ்சுத் தலைகள் மறைக்காது.

ஐந்து பிரதிகளில் ஒன்று என்று ஒரு வீடியோ படைப்பை வாங்கினேன். ஒரு பென்டிரைவும் சான்றிதழும் வந்தன. இவ்வளவுதானா?
– கலைச் சேகரிப்பாளர், காரைக்குடி

இவ்வளவு போதாது. பென்டிரைவில் இருப்பது காட்சிப் பிரதியாக இருக்கும். மூலப் பிரதியைக் கேளுங்கள். தரம் குறையாமல் சேமிக்கும் புரோரெஸ் 422 எச்க்யூ வடிவத்தில் 1080, 25 ஃபிரேம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 80 ஜிபிக்கு மேல் வரும். மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு ஊரில் வையுங்கள். எம்டி5 செக்சம் (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) எடுத்து எழுதிவைத்தால், கோப்பு கெட்டிருக்கிறதா என்று ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கலாம்.

கூடவே எழுத்தில் வாங்கவேண்டியவை: படத்தின் குறைந்தபட்ச, அதிகபட்ச அளவு, திரையா டிவியா, சுவர் நிறம், ஒலி அளவு, இருக்கை உண்டா, கோப்பைப் புதிய வடிவத்துக்கு மாற்றும் உரிமை, கருவி வழக்கொழிந்தால் எதைக் கொண்டு மாற்றலாம்.

கடைசியானதை வேண்டாத விஷயமாக நினைக்காதீர்கள். தென்கொரியாவில் குவாச்சோனிலுள்ள தேசிய நவீன கலை அருங்காட்சியகத்தில், வீடியோ கலையின் முன்னோடியான ‘நாம் ஜுன் பைக்’ (Nam June Paik) 1988-இல் எழுப்பிய ‘தி மோர், தி பெட்டர்’ கோபுரத்தில் 1,003 பிக்சர் டியூப் டிவிகள். 2018-இல் அதை அணைக்கவேண்டி வந்தது. 2022-இல் மீண்டும் இயக்கியபோது 737 டிவிகளைப் பழுதுபார்த்தும் பழைய டியூப் டிவி தேடிப்பிடித்தும் மீட்டார்கள்; உச்சியிலிருந்த சிறிய 266-ஐ, வெளிக்கூட்டின் தோற்றத்தை விட்டுக்கொடுக்காமல், தட்டைத் திரைக்கு மாற்றினார்கள். ஓட்டும் நேரத்தையும் குறைத்தார்கள். உங்கள் படைப்பு டியூப் டிவியில் காட்டவேண்டியது என்றால், ஓடுகிற நிலையில் ஒரே மாடலில் இரண்டு உபரி டிவிகளை இப்போதே தேடி வாங்கிவையுங்கள். மாதம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள். பழுதானால் பின்மூடியை நீங்கள் கழற்றவேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கும்.