இடக்கையில் வான்கோழி அழைப்பான்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வசந்தகால வான்கோழி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு, வான்கோழிக் குரலை எழுப்பிப் பறவையை வரவழைக்கும் மரப்பெட்டி அழைப்பானும், வட்டைக் கோலால் உரசி ஒலிக்கும் சிலேட்டு அழைப்பானும் கையாலேயே செய்து விற்கிறேன். இடக்கைப் பழக்கமுள்ளவர்கள் சிலர், "பெட்டைக் குரலே வரவில்லை, சேவல் குரல்தான் வருகிறது" என்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருகிறார்கள். குறை எங்கே?

பதில்: பெட்டியை அவர்கள் பிடிக்கும் திசையில். 1897இல் அர்கன்சாஸ் மாநிலத்து ஹென்றி கிப்சன் காப்புரிமை பெற்ற பெட்டி முதல் இன்றுவரை அடிப்படை அமைப்பு ஒன்றுதான். இரண்டு மெல்லிய பக்கச்சுவர்கள், ஒரு முனையில் திருகில் சுழலும் மூடி. பலரும் ஒரு சுவரைப் பெட்டைக் குரலுக்கும் மற்றதைச் சேவல் குரலுக்கும் இழைப்பார்கள். வலக்கைக்காரர் திருகை இடப்புறம் வைத்து, கைப்பிடியை வலக்கையால் தன்பக்கம் இழுக்கிறார். அவருக்கு அருகில் இருப்பது பெட்டைச் சுவர். இடக்கைக்காரர் பிடிக்கும்போது பெட்டி பாதிச் சுற்றுத் திரும்பிவிடுகிறது. பெட்டைச் சுவர் எதிர்ப்பக்கம் போய், சேவல் சுவர் அருகே வந்துவிடும்.

நீங்களே செய்யும் பெட்டிக்கு நிரந்தரத் தீர்வு உங்கள் கையிலேயே இருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போதே "எந்தக் கையால் மூடியை ஆட்டுவீர்கள்?" என்று கேட்டு, சுவர்களை மாற்றி இழையுங்கள், அடியில் "இ" என்று ஒரு குறி போட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கியவருக்கு, எதிர்ச்சுவரில் மூடியை வெளிப்பக்கமாகத் தள்ளி ஒலிக்கப் பழக்கலாம். குரல் வரும், ஆனால் தள்ளும்போது இழுப்பில் இருக்கிற நயம் குறையும். விற்றபின் சுவரின் விளிம்பைச் சுரண்டிக் குரலை மாற்ற மட்டும் முயலாதீர்கள். போன மரம் திரும்பி வராது.

இன்னொன்றையும் பாருங்கள். இடக்கைக்காரரின் வலக்கைக்கு இந்த வேலையில் பழக்கம் குறைவு. பெட்டி நழுவுமோ என்று விரல்களைப் பக்கச்சுவர்மேல் மடித்து இறுக்கிவிடுவார். சுவர் அதிர முடியாமல் குரல் அடைத்துப்போகும். பெட்டியின் அடிப்பாகம் மட்டும் உள்ளங்கையில் உட்கார வேண்டும், விரல்கள் கீழேயே இருக்க வேண்டும்.

கேள்வி: சிலேட்டு வட்டம்தானே, அதில் இடது வலது என்ன இருக்கிறது?

பதில்: வட்டத்தில் இல்லை, கீறலில் இருக்கிறது. கோல் மேற்பரப்பில் ஒட்டி, விடுபட்டு, மறுபடி ஒட்டுவதால்தான் ஒலி பிறக்கிறது. அதற்காக சிலேட்டைப் பச்சை ஸ்க்ரப்பராலும், கண்ணாடி வட்டாக இருந்தால் அதை 80 முதல் 120 வரையிலான கிரிட் உப்புத்தாளாலும் ஒரே திசையில் தேய்க்கிறோம். கோல் அந்தக் கீறல்களைக் குறுக்கே கடக்க வேண்டும். நீங்கள் வலக்கை இழுப்புக்குத் தேய்த்துக் கொடுத்த வட்டில், இடக்கை இழுப்பு கீறலோடு சேர்ந்தே ஓடக்கூடும். அப்போது கோல் வழுக்கும், சத்தம் வராது. வட்டைச் சிறிது சிறிதாகச் சுற்றிப் பாருங்கள். குரல் தெளிகிற இடத்தில் கட்டைவிரல் படும் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக் கொடுங்கள்.

பிடியும் முக்கியம். வட்டை வலக்கையின் விரல்நுனிகளால் விளிம்பில் பிடிக்க வேண்டும். அடியிலுள்ள துளைகளை உள்ளங்கை மூடக் கூடாது. கோலைப் பேனா போலச் சற்றுச் சாய்த்து, விளிம்புக்கு உட்பக்கமாகச் சிறு நீள்வட்டங்கள் போடச் சொல்லுங்கள். நுனி மேற்பரப்பை விட்டு எழக் கூடாது. இடக்கையால் எழுதும் சிலர் மணிக்கட்டை மேலாக வளைத்து எழுதுவார்கள்; அதே வளைவில் கோலைப் பிடித்தால் நுனி குத்திக்கொண்டு கீச்சிடும். கை கோலுக்குக் கீழே இருக்கட்டும்.

கேள்வி: நான் வலக்கைக்காரன். செய்துகாட்டினால் அவர்கள் குழம்பிப்போகிறார்கள்.

பதில்: பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. வலக்கைக்காரருக்கு அதுவே சரி. இடக்கைக்காரருக்கு நேரெதிரே உட்காருங்கள். உங்கள் அசைவைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல அப்படியே பின்பற்றினால் போதும். "இடது", "வலது" என்ற சொற்களை விட்டுவிட்டு, "பெட்டி பிடிக்கும் கை", "மூடி கை" என்று சொல்லிப் பழகுங்கள். முதலில் க்ளக், அதாவது ஒற்றை வெட்டொலி. அது பத்தில் எட்டு முறை ஒன்றுபோல வந்தபின் யெல்ப், அதாவது அடுத்தடுத்து வரும் கூப்பிடும் ஒலி, ஐந்தாறு அடியாக. மெதுவான பர்ர் ஒலியைக் கடைசியில் வையுங்கள். அதற்கு வேண்டிய மென்மையான அழுத்தம் முதல் நாளில் யாருக்கும் வராது.

கேள்வி: துப்பாக்கி பிடிக்கும் பக்கத்தையும் கேட்க வேண்டுமா?

பதில்: கட்டாயம். இடக்கையால் எழுதுகிறவர் எல்லாரும் இடத்தோளில் வைத்துச் சுடுவதில்லை. எந்தக் கண் மேலோங்கியது என்பதைப் பொறுத்து மாறும். பெட்டிக்கும் சிலேட்டுக்கும் இரண்டு கையும் வேண்டும் என்பதால், பறவை நெருங்கும்போது கருவியைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டுத் துப்பாக்கிக்குப் போக வேண்டும். எந்தக் கை முதலில் போகிறதோ அந்தக் கையிலுள்ளதை முதலில் வைக்கும்படி உட்கார்ந்த நிலையிலேயே பழக்குங்கள்.

கேள்வி: சாக்பீஸ் எது பூசலாம்?

பதில்: எண்ணெய், மெழுகு கலக்காதது. மூடியின் அடிப்பக்கம் முழுவதும் பூசி, பத்து முறை இழுக்கச் சொல்லிவிட்டு மூடியைத் திருப்பிப் பாருங்கள். தேய்ந்த தடம் தொடர்ச்சியாக இருந்தால் இழுப்பு சரி. நடுவில் விட்டுவிட்டு இருந்தால் மூடியைத் தூக்குகிறார். தடத்தை விரலால் துடைக்க விடாதீர்கள்; தோலின் எண்ணெய் பட்ட இடம் ஊமையாகிவிடும்.