கேள்வி-பதில்: கொழும்பில் எங்கே சாப்பிடலாம்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கொழும்புச் சாப்பாட்டுக்கடைகளைப் பற்றியவை. விசா, ஆஸ்பத்திரி, பிள்ளையின் நேர்முகப் பரீட்சை என்று நம்மூரார் யாராவது ஒருவர் எந்த நாளும் கொழும்பில்தான் நிற்கிறார். பசியோடும் நிற்கிறார்.

அம்மாவை மாதம் ஒருதரம் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு கிளினிக் கூட்டிக்கொண்டு போகிறோம். ராத்திரி பஸ்ஸில் ஏறி விடியப்புறம் இறங்குவோம். வேலை முடிந்து வெள்ளவத்தையில் தங்கி மறுநாள் திரும்புவோம். போன தடவை காலை பத்தரைக்கு வாங்கிய சோற்றுப் பார்சலை இரண்டு மணிக்குப் பிரித்தால் பருப்பு புளித்திருந்தது. அம்மாவுக்கு உறைப்பும் ஒத்துக்கொள்ளாது. நல்ல கடை ஒன்று சொல்வீர்களா? – வாசகி, களுவாஞ்சிக்குடி

தங்கச்சி, ஒரு கடையின் பெயரை எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் கொழும்பில் பெயர்ப்பலகை அப்படியே இருக்கும், சமையற்காரர் மாறிவிடுவார். போன வருஷம் நான் ஆட்களை அனுப்பிவைத்த ஒரு கடைக்கு இந்த வருஷம் நானே போய், பாதிச் சோற்றோடு எழும்பி வந்தேன். அதனால் இப்போது நான் வேறொன்றைத்தான் பார்க்கிறேன்: இந்தக் கடையில், இந்த நேரத்தில், எது வேகமாகத் தீர்கிறது? அதை மட்டும் வாங்குகிறேன்.

விடியப்புறம் இறங்குகிற உங்களுக்கு இது லேசு. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கத்துச் சைவக்கடைகளில் காலையில் ஓடுவது இடியப்பமும் சொதியும்தான். தட்டுத்தட்டாக அவித்து வரும், வந்த சூட்டிலேயே போகும். அம்மாவின் வயிற்றுக்கும் அது பாரமில்லை. அதே கடையில் அதே நேரம் கண்ணாடி அலுமாரிக்குள் இருக்கும் ரோல்ஸ் எப்போது பொரித்தது என்று யாருக்குத் தெரியும்? சில கடைகளில் மேசைக்கு ஒரு தட்டு நிறைய வடையும் ரோல்ஸும் கொண்டுவந்து வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும்தான் கணக்கு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். எத்தனை மேசை சுற்றிய தட்டு என்று நினைத்துப் பார்த்த நாளிலிருந்து நான் அதில் கை வைப்பதில்லை. உங்களுக்கு வேண்டுமானால் சட்டியிலிருந்து இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள், கொண்டுவருவார்கள்.

மகரகமையில் பெரும்பாலும் சிங்களச் சோற்றுக்கடைகள். அவற்றை ஒதுக்காதீர்கள். காலையில் கொலகெந்த, அதாவது நம் இலைக்கஞ்சி, பல இடங்களில் சூடாகக் கிடைக்கும். நோயாளிக்கு அதைவிட நல்ல காலைச் சாப்பாடு கடையில் கிடைப்பது அரிது. உறைப்பைக் குறைக்க ‘மிரிஸ் அடுவென்’ என்று சொன்னால் போதும். கறி ஏற்கெனவே சட்டியில் இருந்தால் அவர்களாலும் ஒன்றும் செய்ய ஏலாது. அப்போது பருப்பையும் வெள்ளைக்கறி ஒன்றையும் காட்டிக் கேளுங்கள். ‘எளவலு’ என்றால் மரக்கறி, ‘மாலு’ என்றால் மீன், ‘கீயத’ என்றால் எவ்வளவு. இந்த நாலு சொல்லோடு நான் இருபது வருஷமாகக் கொழும்பில் சாப்பிடுகிறேன்.

இனிப் பார்சல் விஷயம். பத்தரைக்கே கட்டி அடுக்கி வைத்திருக்கும் பார்சல், கந்தோர்காரர்கள் பன்னிரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்காகக் கட்டியது. அவர்கள் பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டுவிடுவார்கள், அவர்களுக்கு அது சரி. நீங்கள் இரண்டு மணிவரை பையில் வைத்திருந்தால், தேங்காய்ப்பால் விட்ட பருப்பு சுடுசோற்றுக்கு மேலே கிடந்து அந்த வெக்கையில் என்ன செய்யும்? புளிக்கத்தான் செய்யும். கடைக்காரர் மேல் பாதிப் பிழை, நேரத்தின் மேல் பாதிப் பிழை. பதினொன்றே முக்காலுக்கும் ஒரு மணிக்கும் இடையில் ஒருவர் கிளினிக் வரிசையில் நிற்க மற்றவர் கடைக்குப் போய், அந்த நேரத்திலேயே கட்டச் சொல்லி வாங்குங்கள். இரண்டரை தாண்டிவிட்டதா? சோறும் கறியும் வேண்டாம். கேட்ட பிறகு போடுகிற ஏதாவது, ரொட்டியோ தோசையோ, எடுங்கள்.

அம்மாவுக்குக் கீமோ மருந்து ஏறுகிற காலமென்றால் கடைச் சம்பல், மல்லுங், வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட பானம் எதுவும் வேண்டாம். உடனே சமைத்த சூடான சாப்பாடு மட்டும். தயிரைப் பற்றி வார்ட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மூர்ச் சட்டித் தயிரைக் கட்டிக்கொண்டு போகிற பழக்கம் நமக்கு உண்டு, அதனால்தான் சொல்கிறேன்.

கூகுள் மெப்பில் 4.7 நட்சத்திரம் போட்ட கடை ஒன்றுக்குக் கூட்டாளிகளோடு போனேன். பிரியாணி ஆறிப்போய், கோழி வறண்டு கிடந்தது. இந்த நட்சத்திரங்களை நம்பலாமா, இல்லையா? – வாசகர், அக்கரைப்பற்று

தம்பி, நட்சத்திரத்தை நம்ப வேண்டாம், படத்தை நம்புங்கள். கடைக்காரர் போட்ட படத்தை அல்ல, சாப்பிட்டவர்கள் மேசையில் வைத்து எடுத்த படத்தை. பத்துப் பேரில் ஏழு பேர் எடுத்திருப்பது கொத்து என்றால் அந்தக் கடையின் சரக்கு கொத்துதான். பெயர்ப்பலகையில் பிரியாணி என்று எழுதியிருந்தாலும் அங்கே பிரியாணி கேட்கக் கூடாது. நீங்கள் போனது அப்படி ஒரு கடையாக இருக்கலாம்.

கருத்துகளைப் புதியது முதலில் வருகிறமாதிரி மாற்றிவிட்டு வாசியுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்திய புகழ்ச்சி இப்போதைய சமையற்காரருக்குச் சேராது. ‘அருமை, சூப்பர்’ என்று மட்டும் எழுதியதைத் தாண்டிப் போங்கள். சில இடங்களில் நல்ல கருத்துப் போட்டால் ஐஸ்கிரீம் இலவசம் என்று மேசையிலேயே அட்டை வைத்திருக்கிறார்கள். மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்தான் பெரும்பாலும் உண்மையைச் சொல்பவர்: ‘குழம்பு நல்லம், பரிமாற முக்கால் மணித்தியாலம்’ என்று எழுதுவார். விலைப்பட்டியலின் படம் இருந்தால் தேதியைப் பாருங்கள். 2022க்கு முந்திய விலையை நம்பிப் போனால் கை கடிக்கும்.

உங்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. கொழும்புக் கடைச் சமையலறைகளில் நம் பக்கத்துப் பொடியன்மார் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். ஊரில் விசாரித்தால் யாருடைய மச்சானாவது ஒருவர் கிடைப்பார். அவரிடம் ‘நல்ல கடை எது’ என்று கேட்காதீர்கள், தான் வேலை செய்கிற கடையைத்தான் சொல்வார். ‘உங்கட கடையில நீங்க எதைச் சாப்பிடமாட்டீங்க’ என்று கேளுங்கள்.

மெனுவில் கூட்டிப் பார்த்தால் 4,000 ரூபா. பில் வந்தபோது 5,000ஐத் தாண்டிவிட்டது. காட் கொடுத்தால் இன்னும் 3 வீதம் என்றார்கள். தண்ணீர்ப் போத்தலுக்கும் கூடுதல் விலை. இதெல்லாம் சட்டப்படிதானா? – வாசகர், கல்முனை

ஒவ்வொன்றும் வேறு வேறு கதை. 10 வீத சேர்விஸ் சார்ஜ் அரசாங்க வரி இல்லை, கடைகள் வைத்திருக்கிற வழக்கம். மெனுவின் அடியில் எறும்பு எழுத்தில் போட்டிருப்பார்கள். அதை முதலில் வாசித்துவிட்டுப் பிடிக்காவிட்டால் எழும்பி வரலாம், சாப்பிட்ட பிறகு சண்டை பிடிப்பது கஷ்டம். வற், அதாவது பெறுமதி சேர் வரி, 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். ஆனால் வற்றுக்குப் பதிவு செய்த கடைதான் அதை அறவிடலாம், பில்லில் அந்தப் பதிவு இலக்கம் இருக்க வேண்டும். இலக்கம் இல்லாமல் ‘வற்’ என்று ஒரு வரி மட்டும் இருந்தால் கேளுங்கள். பல தடவை அந்த வரி அப்படியே மறைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன். இரண்டும் சேர்ந்தால் உங்கள் 4,000 ரூபா 5,100ஐத் தாண்டும், ஆகவே பில் கணக்கில் பிழை இல்லை. மெனுவைப் பார்க்கும்போதே விலையோடு கால்வாசியைக் கூட்டிக்கொள்ளுங்கள், கொஞ்சம் மேலேயே.

காட்டுக்கு மேலதிகமாக 3 வீதம் கேட்பது சரியல்ல. அந்தக் கட்டணத்தை வாடிக்கையாளர் தலையில் கட்டக் கூடாது என்று மத்திய வங்கியே சொல்லியிருக்கிறது. உங்களுக்குக் காட் தந்த வங்கிக்கு அறிவியுங்கள். தண்ணீர்ப் போத்தலுக்கு 2025 ஏப்ரல் 1 முதல் உச்ச விலை உண்டு: 500 மில்லிலீற்றர் 70 ரூபா, ஒரு லீற்றர் 100 ரூபா. அதற்கு மேல் விற்றால் தனியாளுக்குக் குறைந்தது ஒரு இலட்சம் ரூபா, கம்பனிக்குக் குறைந்தது 5 இலட்சம் தண்டம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. கேட்டால் பில் தர வேண்டியது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரியின் கடமை. எழுத்தில் முறையிடுவதென்றால் மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். துண்டில் கிறுக்கிய கணக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டு எனக்குக் கடிதம் எழுதினால் நான் என்ன செய்வது?

கனடாவிலிருந்து தம்பி குடும்பம் வருகிறது. கொழும்பில் பெயர்பெற்ற கடையொன்றில் நண்டு சாப்பிட வேண்டுமாம். அவ்வளவு செலவழிக்கலாமா? – வாசகி, ஆரையம்பதி

வாவிக்கரையில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா, அக்கா! சரி, ஆசைப்பட்டுவிட்டார்கள். கோட்டையில் பழைய டச்சு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் மினிஸ்ட்ரி ஒஃப் கிராப் இருக்கிறது. சங்கக்காரவும் மஹேலவும் பங்காளிகள், 2011இல் தொடங்கியது. அங்கே நண்டின் பருமனுக்கு ஏற்ப விலை. அரைக் கிலோவில் தொடங்கி இரண்டு கிலோ தாண்டிய ‘கிராப்ஸில்லா’ வரை உண்டு, மேசையை முன்பே பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது. தம்பி டொலரில் கட்டுவதென்றால் போய் வாருங்கள்.

நீங்கள் கட்டுவதென்றால் என் கதையைக் கேளுங்கள். இது வேறொரு கடல் உணவுக்கடை, பெயர் வேண்டாம். நண்டுக் கறிக்கு எதிரே 1,200 என்று இருந்தது. கொழும்புக்கு அது பரவாயில்லையே என்று சொல்லிவிட்டேன். ஓடு உடைத்து, விரல் சூப்பி, எல்லாம் முடிந்து பில் வந்தது: 9,600. நூறு கிராமுக்கு 1,200, நண்டு 800 கிராம். ‘100 கி.’ என்பது விலைக்குக் கீழே அடைப்புக்குறிக்குள் இருந்தது. மனைவி இன்றைக்கும் சந்தையில் நண்டைக் கண்டால் என்னைத்தான் பார்க்கிறாள்.

அன்றிலிருந்து நண்டோ சிங்க இறாலோ முழு மீனோ, எதுவென்றாலும் சமைக்க முதல் கொண்டுவந்து காட்டச் சொல்கிறேன், கண்ணுக்கு முன்னால் நிறுக்கச் சொல்கிறேன், மொத்த விலையை வாயால் சொல்லச் சொல்கிறேன். ‘சந்தை விலை’ என்று மெனுவில் எழுதியிருந்தால் இந்த மூன்றும் இல்லாமல் தலையாட்டக் கூடாது. நண்டைக் கையில் தந்தால் வயிற்றுப் பக்கத்து ஓட்டைப் பெருவிரலால் அமத்திப் பாருங்கள். அமுங்கினால் உள்ளே சதை குறைவு. நிலவு காலத்து நண்டு வெறும் ஓடு என்று நம் மீனவர்கள் சொல்வது உங்களுக்குத் தெரியாததா? கொழும்புக் கடையில் யாரும் அதைச் சொல்லமாட்டார்கள்.

தம்பி வீட்டார் மட்டக்களப்பிலும் நாலு நாள் நிற்பார்கள்தானே. ஒரு விடியலில் சந்தைக்குப் போய் வாவி நண்டு வாங்கி, முருங்கை இலை போட்டு நீங்களே ஒரு கறி வையுங்கள். மறுகா எது ருசி என்று பிள்ளைகளிடம் கேளுங்கள்.

கொழும்பில் ஹலால் என்று எழுதியிருந்தால் போதுமா? – வாசகர், காத்தான்குடி

எழுத்து வேறு, சான்றிதழ் வேறு. ஹலால் தரச்சான்றுச் சபை கொடுத்த சான்றிதழ் சுவரில் இருந்தால் அதில் காலாவதித் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் எடுக்காத முஸ்லிம் கடைகள் ஏராளம், அங்கே கோழி எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டால் தயங்காமல் சொல்வார்கள். தயங்கினால் மீன் கறியோடு முடித்துக்கொள்ளுங்கள். புதுக்கடைப் பகுதியின் ராத்திரிச் சாப்பாடு உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

சோற்றுக்குள் கரப்பான் கிடந்தது. காசைத் திருப்பித் தந்தார்கள். அதோடு விடுவதா? – வாசகி, செங்கலடி

விட வேண்டாம். படம் எடுங்கள், பில்லை வைத்திருங்கள், அந்த இடத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள். கொழும்பு நகரமென்றால் மாநகர சபையின் சுகாதாரப் பிரிவு, மற்ற இடங்களில் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. உங்கள் காசு திரும்பி வந்துவிட்டது, சமையலறை அப்படியேதான் இருக்கிறது.

கொழும்பு பஸ்கள் ராத்திரியில் நிறுத்துகிற கடையில் எல்லாம் அநியாய விலை, ருசியும் இல்லை. வேறு வழி உண்டா? – வாசகர், வாழைச்சேனை

அந்தக் கடை உங்களுக்காக நடப்பதில்லை. பஸ்ஸை அங்கே கொண்டுவந்து நிறுத்துகிறவர்களை அவர்கள் நன்றாகக் கவனிப்பார்கள், அந்தச் செலவும் உங்கள் தட்டில்தான் ஏறுகிறது. நீங்கள் திரும்பவும் அங்கே வருவது ருசியைப் பொறுத்ததல்ல என்று அவர்களுக்குத் தெரியும். நடுச்சாமத்தில் அங்கே வேகமாகத் தீர்வது பிளேன்டி ஒன்றுதான், அதைக் குடியுங்கள். தோலோடு இருக்கிற வாழைப்பழம் பரவாயில்லை. கொத்துக் கல்லின் சத்தத்தில் மயங்கி இருந்துவிட்டால், விலையைக் கேட்டு முடிப்பதற்குள் பஸ் ஹோர்ன் அடிக்கும். நான் வீட்டிலிருந்து வாழையிலையில் பிட்டும் பொரித்த மீனும் கட்டிக்கொண்டுதான் ஏறுவேன். வெளிக்கிட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் அதை முடித்துவிடுவேன். பக்கத்துச் சீட்டுக்காரர் மீன் வாசத்துக்கு முகம் சுளித்தால், ஒரு துண்டை அவருக்கும் நீட்டிவிடுவேன்.