பழைய தாருக்கு முதலில் லாக்கரா, ஆக்சிலா?

நீங்கள் கேட்டிருப்பது: 2014 மாடல் மகிந்திரா தார் ஜீப் (சிஆர்டிஇ டீசல்) வாங்கியிருக்கிறேன், 33 அங்குல டயர் ஏற்றப் போகிறேன், இப்போதைக்குப் பின்பக்கம் லாக்கர் (இரண்டு சக்கரத்தையும் பூட்டி ஒன்றாகச் சுற்ற வைப்பது) மட்டும் போட்டுவிட்டு ஆக்சிலை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். 33 டயரும் லாக்கரும் சேர்ந்து வருகிறதென்றால் நல்ல ஆக்சில் ஷாஃப்டும் (சக்கரத்தைச் சுற்றுகிற இரும்புத் தண்டு) அன்றைக்கே வர வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் டயரைக் குறைத்துக்கொள்ளுங்கள். காட்டு வழியிலோ தோட்டத்து வழியிலோ ஓட்டத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். வெறும் அழகுக்கு என்றால் லாக்கரே தேவையில்லை.

"நான் அஞ்சு வருஷமா ஓட்டுறேன், ஒண்ணும் ஆகல" என்று கீழே எழுத நாலு பேர் வருவார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மண்ணில் இறங்குகிற வண்டிக்கும் வாரத்தில் நாலு நாள் மலை ஏறுகிற வண்டிக்கும் கணக்கு வேறு. என் வண்டி இரண்டாவது வகை.

எனக்கு ஊர் தேனி மாவட்டத்துப் போடி. ஏலத்தோட்டம் மேலே, பூப்பாறை பக்கம். மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு மூன்று கிலோமீட்டர் பாறையும் சேறும்தான் வழி. என் தார் 2013 மாடல், அதில் லாக் கிடையாது. மழைக்காலத்தில் ஒரு பின் சக்கரம் குழிக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், மற்றது பாறை மேல் அசையாமல் நிற்கும். லாக் இல்லாத ஓப்பன் டிஃப்ரென்ஷியல் (இரண்டு சக்கரத்துக்கும் நடுவே சக்தியைப் பிரிக்கிற பல்சக்கரத் தொகுதி) இரண்டு பக்கமும் ஒரே அளவு டார்க்தான், அதாவது முறுக்கு விசைதான், கொடுக்கும். சேற்றில் வழுக்குகிற சக்கரத்துக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவுதான் பாறையில் நிற்கும் சக்கரத்துக்கும் கிடைக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனால் ஷாஃப்டைக் காப்பாற்றுவதும் அதுதான். லாக் விழுந்துவிட்டால் பிடிப்பு இருக்கிற ஒரே சக்கரத்துக்கு மொத்தமும் போகும். இன்ஜின் கொடுக்கிற 247 நியூட்டன் மீட்டர் முதல் கியரில் பெருகி, ஃபோர் வீல் லோ கியரில் 2.48 மடங்காகி, ஆக்சிலில் இருக்கிற கிரவுன் பல்சக்கரத்தில் இன்னும் பெருகி, கடைசியில் ஒற்றை ஷாஃப்ட் மேல் வந்து உட்காரும்.

இது தெரியாமல்தான் ஒரு பட்டறையில் சொன்னதைக் கேட்டு டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கிற ஸ்டார் பினியன் பல்சக்கரங்களை, எப்போதும் பூட்டியே இருக்கும்படி, வெல்டு அடித்தேன். ஆறாயிரம் ரூபாய், அரை நாள் வேலை. கூடவே 33 டயரும் ஏற்றினேன். முதல் மழைக்காலம் முழுக்க வண்டி எங்கேயும் மாட்டவில்லை. தோட்டத்து ஆட்கள் இறங்கித் தள்ளிய நாளே இல்லை. தார் ரோட்டில் திரும்பும்போது டயர் கத்தியது, ஸ்டியரிங் கனத்தது. அதெல்லாம் இருக்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், காய் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அப்பாவும் நானும் ஏலக்காயை ஏலம் விடுகிற மையத்துக்காகப் போடிமெட்டு வழியே இறங்கிக்கொண்டிருந்தோம். நல்ல தூறல். அந்த மலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். வெல்டு அடித்த ஆக்சிலில் உள் சக்கரமும் வெளிச் சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஒவ்வொரு வளைவிலும் இரண்டு ஷாஃப்டும் ஒன்றையொன்று முறுக்கும், ஏதாவது ஒரு டயர் வழுக்கினால்தான் அந்த முறுக்கு விடும். பாதி மலை இறங்கியிருப்போம். பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. ஒரு ஷாஃப்ட் போய், இன்ஜின் பிரேக்கிங் முழுக்க மறு சக்கரத்தில் மட்டும் விழுந்ததால் வந்த இழுப்பு அது. பிரேக் பிடித்தது, நின்றுவிட்டோம். அப்பா கம்பியைப் பிடித்த கையை எடுக்காமலே, "ஓரமா நிப்பாட்டுப்பா, பின்னாடி பஸ் வருது" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை, அன்றைக்கு ராத்திரி வரைக்கும்.

ஷாஃப்ட் ஹவுசிங்குக்குள் (ஆக்சிலின் வெளிக்கூடு), பல் வெட்டிய ஸ்பிளைன் முனையில் உடைந்திருந்தது. அதனால்தான் சக்கரம் பேரிங்கில் நின்றது. தாரின் பின் ஆக்சில் செமி ஃப்ளோட்டிங், வண்டியின் எடையையும் அந்த ஷாஃப்டே தாங்குகிறது. சக்கரத்துப் பக்கம் உடைந்திருந்தால் சக்கரம் தனியாகப் போயிருக்கும்.

கோவையில் தெரிந்த லேத் அண்ணனிடம் துண்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்பிளைன் பற்கள் நேராக ஓடாமல் ஒரு பக்கமாகத் திருகிக் கிடந்தன. உடைந்த முகத்தைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பினார். ஓரத்தில் ஒரு வளையம் வழவழவென்று கறுத்திருந்தது. நடுவில் மட்டும் சர்க்கரை மாதிரி பொரபொரவென்று மின்னியது. "இது இன்னைக்கு ஒடஞ்சது இல்ல தம்பி. ஓரத்துல எப்பவோ விட்டுப்போச்சு. நடுவுல இருக்கற இத்துனூண்டுதான் இத்தனை நாளும் தாங்கிட்டிருந்திருக்கு" என்றார். கறுத்த வளையம் பழைய விரிசல், மின்னியது அன்றைக்கு விட்ட இடம். முந்தின மழையில் சேற்றில் நான் சந்தோஷமாக ஏறிய ஏற்றமெல்லாம் அந்த வளையத்தில் இருந்தது.

போட்டிக்கென்றே தனி வண்டி வைத்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போகிறவர்கள் வெல்டு அடிப்பதை நான் குறை சொல்லவில்லை. ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு, வீட்டு ஆட்களை ஏற்றுகிற வண்டிக்கு, அது கூடவே கூடாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான். லாக்கர் போட்டதும் நிறையப் பேர் வண்டியை ஓடைக்குள் இறக்கிப் படம் எடுக்கிறார்கள். எங்கள் தோட்டத்துக்குக் கீழே இருக்கிற வீடுகளுக்கு அந்த ஓடைதான் குடிதண்ணீர். ஹோஸ் போட்டு எடுக்கிறார்கள். போன வருஷம் ஒரு கூட்டம் வந்து ஓடைக்குள் முன்னும் பின்னுமாக ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுப் போனது. இரண்டு நாள் தண்ணீர் கலங்கலாக, மேலே எண்ணெய்ப் படலத்தோடு வந்தது. தட்டிக் கேட்டால், "காடு உங்க அப்பன் வீட்டுதா?" என்று கேட்கிறார்கள். இதற்கு எங்கே போய் முறையிடுவது?

சரி, வண்டிக்கு வருகிறேன். 2015-இல் வந்த தாரிலிருந்து பின்பக்கம் மெக்கானிக்கல் லாக்கைக் கம்பெனியே கொடுத்தது. அப்படிப்பட்ட வண்டியின் பின் ஆக்சிலை ஹவுசிங்கோடு வாங்கினேன். வாங்கும் முன் ரேஷியோ பார்த்தேன், நீங்களும் கட்டாயம் பாருங்கள். ஒரு பக்கச் சக்கரம் அசையாமல் இருக்க, மறுபக்கத்தை இரண்டு சுற்றுச் சுற்றினால் இன்ஜின் பக்கமிருந்து சக்தி வந்து சேர்கிற பினியன் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ரேஷியோ. முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாக இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்டதும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விடும்.

ஷாஃப்டை அந்த அண்ணனே இ.என். 24 இரும்பில் செய்து ஹீட் ட்ரீட்மெண்ட் கொடுத்தார். முறுக்கைத் தாங்கும் பலம் விட்டத்தின் மும்மடிக்கு ஏறும். 30 மில்லிமீட்டரை 33 ஆக்கினாலே மூன்றில் ஒரு பங்கு பலம் கூடும். ஆனால் ஸ்பிளைனும் பேரிங்கும் ஒரு அளவில் நிற்பதால் தடிமனை நினைத்தபடி ஏற்ற முடியாது. அதனால் உலோகத்தை மாற்றுவதுதான் வழி. டயரையும் 31-க்கு இறக்கினேன். தாரோடு வருகிற 235/70 ஆர்16 டயர் ஏறத்தாழ 29 அங்குலம். டயரின் ஆரம்தான் ஷாஃப்டை முறுக்குகிற நெம்புகோல்; 33 போட்டால் அது 14 சதவீதம் நீள்கிறது, 31 என்றால் 7.

இந்த மெக்கானிக்கல் லாக் தானாக விழுவது. ஒரு சக்கரம் மற்றதைவிட நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று அதிகம் சுற்றினால் பூட்டிக்கொள்ளும், சுமார் 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் பூட்டாது. ஆக்சிலரேட்டரைப் படாரென்று மிதிக்கக் கூடாது. மெதுவாகக் கொடுத்து, 'டக்' என்று விழும் வரை காலை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். பாறை ஏற்றத்துக்கு முன்பே பூட்டிக்கொண்டு போக வேண்டுமென்றால் ஏஆர்பி கம்பெனியுடையது மாதிரி, காற்றழுத்தத்தில் பூட்டுகிற ஏர் லாக்கர் நல்லது. கம்ப்ரசரும் காற்றுக் குழாயும் கூடுதல் வேலை, குழாய் அறுந்தால் லாக் போய்விடும். எதைப் போட்டாலும் கிரவுன் பினியன் பற்களில் பேஸ்ட் தடவி, பல் எங்கே பதிகிறது என்று கண் முன்னால் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற பட்டறையில் வண்டியை விடாதீர்கள்.

முன்பக்கம் லாக்கர் இப்போது வேண்டாம். தாரில் முன்னால் தனித்தனி சஸ்பென்ஷன், ஸ்டியரிங் ஒடித்த நிலையில் மொத்த டார்க்கும் வந்தால் சக்கரம் திரும்பும்போதும் சக்தியைக் கடத்துகிற சிவி ஜாயிண்ட்தான் முதலில் போகும்.

டயர் இன்னும் வாங்கவில்லையென்றால் 31 வாங்கி, சேற்றில் காற்றை 18 பி.எஸ்.ஐ. வரை குறைத்து ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்கள். லாக்கருக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் என்ன மாடல் என்று கீழே எழுதுங்கள். உங்கள் ஷாஃப்டுக்குப் பொருந்துமா என்று லேத் அண்ணனிடம் கேட்டுச் சொல்கிறேன்.